கயித்தைத் தள்ளிப் பார்த்திருக்கீங்களா பாஸ்?

ஒகேனக்கல். செமஸ்டர் லீவு. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அஞ்சு பேரும் சில்லறை பொறுக்கி டிக்கெட் எடுத்து, பென்னாகரம் வழியா போய் இறங்கினோம். குளியல் ஓவர், மீன் வறுவல் ஓவர். மிச்சமிருந்தது பரிசல் மட்டும்தான்.

கரையில் பத்துப் பதினைந்து பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பார்க்க நல்லாத்தான் இருந்த ஒன்றைத் தொட்டு, ‘‘இதுல போலாமாண்ணா?’’ என்றேன். பரிசல் ஓட்டுற அண்ணன் தலையை ஆட்டினார். ‘‘வேணாம் தம்பி. நேத்து ஒருக்கா ‘டக்’குனு சத்தம் கேட்டுச்சு. எங்கன்னு பாத்து, அந்தப் பத்தையை மாத்திட்டுத்தான் எறக்கோணும்.’’

தண்ணி ஒழுகலை. ஓட்டை இல்லை. ஒரே ஒரு சத்தம். அதுக்காக ஒரு நாள் வருமானத்தை ஓரமா கவிழ்த்து வெச்சிருக்கார் மனுஷன். அன்னிக்கு அதை நாங்க ஒரு மேட்டராவே எடுத்துக்கலை. இந்த வார ‘லேப் டேபிள்’ அந்தச் சத்தத்தைப் பத்தித்தான்.

கரிதான் பாஸ், வெறும் கரி!

பரிசலைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. மூங்கிலைப் பத்தை பத்தையா பிளந்து, குறுக்கும் நெடுக்குமா பின்னி, மேலே ஷீட்டைப் போர்த்தி, தார் பூசியிருப்பாங்க. அந்தக் காலத்தில் ஷீட்டுக்குப் பதில் மாட்டுத் தோல். தாங்குற வேலை மூங்கிலோடது. தண்ணியைத் தடுக்குற வேலை ஷீட்டும் தாரும். ரெண்டு மூணு பொருள் கூட்டணி வெச்சு, தனித்தனியா முடியாததைச் சேர்ந்து செய்யுது. நம்ம சிலபஸ் பாஷையில், காம்போஸிட்!

கார்பன் ஃபைபரும் அதே ஃபேமிலிதான். ஒருவகை பிளாஸ்டிக் இழையைக் காற்று படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேலே சூடு பண்ணினால், மத்ததெல்லாம் ஓடிப்போய் கரி மட்டும் மிஞ்சும். ஒரு இழையின் பருமன் 5 முதல் 7 மைக்ரான். உங்க தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து, எபாக்ஸி என்கிற பசையில் தோய்த்து, அடுக்கடுக்கா சுத்தி, சூட்டில் வேகவெச்சா ரெடி.

எடை? ஸ்டீலில் அஞ்சில் ஒரு பங்குதான் வரும். பலம்? ஒரே எடைக்கு ஒரே எடை வெச்சு இழுத்துப் பார்த்தால், ஸ்டீல் வெட்கப்பட்டு ஓடிரும். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து பறக்கிற தேஜஸ் போர் விமானத்தின் உடம்பில், எடைக்கணக்கில் ஏறக்குறைய 45 சதவிகிதம் காம்போஸிட். போயிங் 787-ல் பாதி. டென்னிஸ் மட்டை, ரேஸ் கார், சைக்கிள்னு எங்கே பார்த்தாலும் தலைவர் ராஜ்ஜியம்தான்.

‘அப்போ எல்லாத்தையும் இதிலேயே செஞ்சிடலாமே!’ன்னு தோணுதா? தோணணும். ஒருத்தருக்குத் தோணுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கிளாஸ். தூங்கிடாதீங்க.

கல்லும் கயிறும்

நம்ம மாவட்டம் நடுகல்லுக்கு ஃபேமஸ். போரில் செத்த வீரனுக்கு நட்ட கல், பல நூறு வருஷமா நிக்குது. கோயில் தூணும் அப்படித்தான். மேலே எவ்வளவு பாரம் ஏத்தினாலும் கல் அசராது. ஆனா, அதே கல்லை நீளப் பலகையா படுக்கப் போட்டு, நடுவில் கனம் வெச்சுப் பாருங்க. அடிப்பக்கம் இழுபட்டு, ‘படார்’. அமுக்கினால் ராஜா, இழுத்தால் கூஜா. அதனாலதான் கல்மண்டபத்தில் தூண்களை அவ்வளவு நெருக்கி வெச்சிருக்காங்க. கான்கிரீட்டுக்கும் இதே வியாதி என்பதால்தான் நம்ம சிவில் பசங்க உள்ளே கம்பி கட்டுறாங்க.

கயிறு இதுக்கு நேர் எதிர். இழுத்தால் யானையைக் கட்டலாம். தள்ளினால்? மடங்கி உட்கார்ந்துடும். கயித்தைத் தள்ளி எதையாவது நகர்த்தினவங்க உண்டா?

கார்பன் இழையும் அடிப்படையில் ஒரு கயிறுதான். ஆனா, பசைக்குள்ளே புதைச்ச கயிறு. பசை நாலாபக்கமும் பிடிச்சிருக்கிறதால் தள்ளுனாலும் ஓரளவு தாங்கும். வீட்டில் ஈர்க்குமாறு இருக்கும், எடுங்க. ஒத்தை ஈர்க்குச்சியின் ரெண்டு முனையையும் உள்பக்கமா அமுக்கினால் சட்டுனு வளையும். இறுக்கிக் கட்டின கட்டு அவ்வளவு லேசில் வளையாது. கட்டு எங்கேயாவது ஒரு இடத்தில் தளர்ந்தால், அந்த இடத்துக் குச்சி முதலில் வளையும். அது பக்கத்துக் குச்சியையும் இழுத்துக்கிட்டுப் போகும்.

உள்ளே நடக்கிறதும் இதேதான். பசையில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ், இழையில் ஒரு சின்னச் சுருக்கம், அது போதும். அமுக்கும்போது இழை அங்கே வளையும், அடுக்குகள் பரோட்டா மாதிரி ஒண்ணைவிட்டு ஒண்ணு பிரியும். கொடுமை என்னன்னா, வெளியே பார்த்தால் பளபளன்னு அப்படியேதான் இருக்கும்.

இப்போ ஒரு மேஜிக். ஹைட்ரஜனில் ஓடுற கார்களில் கேஸ் டேங்க் கார்பன் ஃபைபர் சுத்தினதுதான். உள்ளே 700 மடங்கு காற்றழுத்தம்! ஆனா, அழுத்தம் உள்ளேயிருந்து வெளியே. பலூன் மாதிரி உப்பப் பார்க்கும், சுத்தியிருக்கிற இழை இழுபடும். இழுபடுறதுதான் நம்ம ஹீரோவுக்கு அல்வா சாப்பிடுற மாதிரி ஆச்சே! பழைய பாலத் தூண்களுக்கு கார்பன் ஃபைபர் துணியைப் பட்டையா சுத்திப் பலப்படுத்துறதும் இதே டெக்னிக்தான். பாரம் ஏறினால் தூண் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். பட்டை இழுத்துப் பிடிச்சுக்கும். தூண் அமுங்குது, பட்டை இழுபடுது, ஆளுக்கொரு வேலை.

அதே டேங்க்கை உள்ளே காலியா வெச்சு, வெளியேயிருந்து அமுக்கினால்?

நூறு மேட்டூர்!

நம்ம ஒகேனக்கல் தண்ணி நேரா போய்ச் சேர்ற இடம் மேட்டூர். அணை ஃபுல் ஆனால் 120 அடி, அதாவது சுமார் 36 மீட்டர். அதன் அடியில் நின்றால் தண்ணி மட்டுமே மூன்றரை மடங்கு காற்றழுத்தத்துக்கு உங்களை அமுக்கும். அப்படி நூறு மேட்டூரை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்குங்க. அங்கேதான், சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில், டைட்டானிக் கிடக்குது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 380 கிலோ. உங்க உள்ளங்கை 100 சதுர சென்டிமீட்டர்னு வெச்சுக்கிட்டா, அதுமேல மட்டும் 38 டன். தொப்பூர் கணவாயில் முக்கி முனகி ஏறுற பெரிய டிரெய்லர் லாரி, லோடோட உங்க கையில் ஏறி நிக்குது!

ஓஷன்கேட் என்கிற அமெரிக்க கம்பெனி, இந்த ஆழத்துக்கு டூரிஸ்ட்டுகளைக் கூட்டிட்டுப் போக ‘டைட்டன்’ என்கிற நீர்மூழ்கியைச் செஞ்சது. டிக்கெட் இரண்டரை லட்சம் டாலர், நம்ம காசில் சுமார் 2 கோடி ரூபாய். வழக்கமா ஆழ்கடலுக்குப் போற கலங்கள் ஸ்டீல் அல்லது டைட்டானிய உருண்டைகள். உருண்டையில் மூணு பேருக்கு மேலே உட்கார்றது சிரமம். கம்பெனிக்கு அஞ்சு சீட் வேணும், எடையும் குறையணும். அதனால் உருளை வடிவம், கார்பன் ஃபைபர், சுவரின் தடிமன் 5 அங்குலம். ரெண்டு பக்கமும் டைட்டானிய மூடி, நடுவில் பசை போட்டு ஒட்டினது.

எஸ்.ஓ.எம். புக்கைத் திறங்க. ஒரே ஆரம், ஒரே தடிமன் இருந்தால், உருண்டைச் சுவரில் வர்ற ஸ்ட்ரெஸ்ஸைப் போல ரெண்டு மடங்கு உருளைச் சுவரில் வரும். செகண்ட் இயர் ஃபார்முலாதான். ஆக, இழுக்கிறதில் கில்லாடியான பொருளை அமுக்குற வேலைக்கு எடுத்தாங்க. அதிலும் கஷ்டமான வடிவத்தைக் குடுத்தாங்க.

‘முடியவே முடியாது’ன்னு சொல்ல வரலை. அமெரிக்கக் கடற்படை 1980-களிலேயே கார்பன் ஃபைபர் உடம்போட ஒரு தேடும் கலத்தை 6,000 மீட்டர் ஆழத்துக்காகச் செஞ்சிருக்கு. ஆனா, அதுக்குள்ளே ஆள் கிடையாது. உடைஞ்சிருந்தால் மெஷின் போயிருக்கும், அவ்வளவுதான்.

80-வது டைவ்

2018-ல் அந்த கம்பெனியின் ஆபரேஷன்ஸ் டைரக்டர் டேவிட் லாக்ரிட்ஜ், கலத்தின் உடம்பைச் சரியா ஸ்கேன் பண்ணிப் பார்க்கலைன்னு எழுத்திலேயே குடுத்தார். கிடைத்த பரிசு டிஸ்மிஸ். அதே வருஷம் நீர்மூழ்கித் துறை நிபுணர்கள் முப்பது பேருக்கு மேலே சேர்ந்து, ‘சோதனை முயற்சி பெரிய விபத்தில் முடியலாம்’ என்கிற பயத்தைக் கடிதமா எழுதினாங்க. கம்பெனி தலைவர் ஸ்டாக்டன் ரஷ், சான்றிதழ் நடைமுறைகள் புதுமைக்கு வேகத்தடைன்னே வாதாடிட்டு வந்தார். 2019-ல் முதல் கலத்தின் உடம்பில் விரிசலைக் கண்டுபிடிச்சு, அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு சுத்தினாங்க. பொருள் அதேதான்.

ரஷ்ஷின் துருப்புச்சீட்டு, சத்தம் கேட்கிற கருவி. இழை உடைஞ்சா ‘டிக்’குன்னு சத்தம் வரும், அதை மைக் பிடிச்சு எச்சரிக்கும், நாம மேலே வந்துடலாம். கேட்க நல்ல ஐடியாதானே?

2022 ஜூலை 15, 80-வது டைவ். டைட்டானிக்கைப் பார்த்துட்டு மேலே வரும்போது பெரிய சத்தம். உள்ளே இருந்தவங்க காதாலேயே கேட்டாங்க. ‘உடம்பு தன் சட்டத்துக்குள்ளே கொஞ்சம் நகர்ந்திருக்கும்’னு விளக்கம் சொல்லப்பட்டுச்சு. ஆனா, சுவரில் ஒட்டியிருந்த சென்சார்களின் ரீடிங் அந்த டைவுக்கு அப்புறம் மாறியிருந்தது. கருவி தன் வேலையைச் செஞ்சிருக்கு. ரீடிங்கைப் பார்த்து ‘நிறுத்து’ன்னு சொல்லத்தான் ஆள் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரத்தில், பனியிலும் மழையிலும் அது வெட்டவெளியில் கிடந்தது.

2023 ஜூன் 18, 88-வது டைவ். இறங்க ஆரம்பிச்சு ஒண்ணே முக்கால் மணி நேரத்தில், 3,300 மீட்டருக்கும் கீழே, தொடர்பு போச்சு. நாலு நாள் உலகமே டி.வி. முன்னாடி உட்கார்ந்து ஆக்ஸிஜன் கணக்குப் போட்டுச்சு. ஜூன் 22-ல் டைட்டானிக் பக்கத்திலேயே சிதறல்கள் கிடைச்சது. கண் சிமிட்டுற நேரத்துக்கும் குறைவான நேரத்தில் எல்லாம் முடிஞ்சிருந்தது.

உள்ளே அஞ்சு பேர். ஓட்டினவர் ரஷ்ஷேதான். இன்னொருத்தர் பிரெஞ்சுக்காரர் பால் ஹென்றி நார்ஜோலே. ‘நாட்டீல்’ என்கிற பிரெஞ்சுக் கலத்தில் 1987-லேயே டைட்டானிக்குக்குப் போனவர், அப்புறமும் பலமுறை போய்ப் பத்திரமா திரும்பினவர். நாட்டீல், டைட்டானிய உருண்டை. சுலைமான் தாவூத்னு ஒரு பையன், அப்பாகூட வந்தவன். வயசு 19. கிளாஸ்கோவில் காலேஜ் படிச்சுட்டிருந்தான். என்னைவிட ஒரு வயசு சின்னவன். எந்த இழை எந்தப் பக்கம் வளையும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியமே இல்லை பாஸ். அதைத் தெரிஞ்சுக்கத்தானே நம்ம மாதிரி ஆளுங்களுக்கு டிகிரி குடுக்கிறாங்க?

விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. சுவரை ஒவ்வோர் அங்குலமா அஞ்சு தடவை சுத்தி, ஒண்ணுமேல ஒண்ணா ஒட்டியிருந்தாங்க. அடுக்குகளில் சுருக்கங்களும் காற்றுக்குமிழ்களும் இருந்தது. 80-வது டைவிலேயே அடுக்குகள் பிரிய ஆரம்பிச்சிருந்தது. ‘தடுத்திருக்கக் கூடிய விபத்து’ன்னு அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2025 ஆகஸ்ட் 5-ல் அறிக்கை குடுத்தது.

பள்ளிக்கரணை உருண்டை

அதே ஆகஸ்ட் 5-ல் அட்லாண்டிக்கில் இன்னொரு சம்பவம். அதே நாட்டீல் கலத்தில் ஏறி, நம்மாளு ஒருத்தர் 4,025 மீட்டர் ஆழத்துக்குப் போயிட்டு வந்தார். மறுநாள் இன்னொருத்தர் 5,002 மீட்டர். ரெண்டு பேரையும் அனுப்பினது வேற யாருமில்லை, நம்ம சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போற ரோட்டில், பஸ் ஜன்னல் வழியா பார்த்தும் பார்க்காமல் கடந்து போவோமே, அதேதான்!

இவங்க ‘சமுத்ரயான்’ திட்டத்துக்காக உருவாக்குற கலம் ‘மத்ஸ்யா 6000’. மூணு பேர், 6,000 மீட்டர் ஆழம். மேட்டூர் கணக்கில் 160-க்கும் மேலே. ஆட்கள் உட்கார்ற இடம் உருண்டை. உள்விட்டம் 2.1 மீட்டர், சுவர் 80 மில்லிமீட்டர், பொருள் டைட்டானியக் கலவை. கார்பன் ஃபைபரைவிட எடை அதிகம், விலை அதிகம், இடம் நெருக்கடி. ஆனா, டைட்டானியம் எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தாங்கும். எத்தனை தடவை அமுக்கி விட்டால் எப்போ களைச்சுப்போகும்னு பல வருஷ டேட்டா இருக்கு. ஸ்கேன் பண்ணினால் உள்ளே இருக்கிற விரிசல் தெரியும்.

ரெண்டு அரை உருண்டைகளை ஒட்டவைக்க, சுத்தி 7 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளமுள்ள ஒரே ஒரு வெல்டிங். இஸ்ரோ எலெக்ட்ரான் கதிர் மூலமா அந்த வேலையைச் செஞ்சுது. அதுக்கு முன்னாடி ஒத்திகையா எத்தனை வெல்டிங் போட்டுப் பார்த்தாங்க தெரியுமா? 700-க்கும் மேலே! நாம ஒரு பிராக்டிகலுக்கு ரெண்டாவது ரீடிங் எடுக்கவே மூக்கால அழுவோம்.

2025 ஜனவரி, பிப்ரவரியில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கலத்தைத் தண்ணியில் இறக்கினாங்க. நேரா ஆறாயிரத்துக்குப் போகலை. துறைமுகத்தின் ஆழமில்லாத தண்ணியில் ஆளில்லாமல், அப்புறம் ஆளோட. பார்க்கிறவனுக்கு போர் அடிக்கும். போர் அடிச்சால்தான் அது நல்ல இன்ஜினீயரிங்!

ஒரு சின்ன வாக்குமூலம்

இவ்வளவு பேசுற நான் யோக்கியனான்னு கேளுங்க. போன செமஸ்டர், காலேஜ் லேப்பில் கண்ணாடி இழைப் பலகை ஒண்ணை மெஷினில் வெச்சு அமுக்கிட்டிருந்தோம். பாதி லோடில் ‘டிக்’. நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். டயல் முள் அசையலை. மணி நாலே கால், பஸ்ஸுக்கு லேட். போன வருஷ சீனியரோட ரெக்கார்டில் இருந்த வரியை அப்படியே எழுதினேன். ‘சேதம் எதுவும் தென்படவில்லை.’ பத்துக்கு ஒன்பது மார்க். அந்தப் பலகையை அறுத்துப் பார்த்திருந்தால் என்ன இருந்திருக்கும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

டைட்டன் அறிக்கையைப் படிக்கும்போது அந்த ‘டிக்’தான் காதில் கேட்டுச்சு. நான் எழுதினது பத்து மார்க் ரெக்கார்ட். இன்னும் ரெண்டு வருஷத்தில் நம்மில் யாரோ ஒருத்தர் பாலத்துக்கோ, லிஃப்ட்டுக்கோ, கேஸ் சிலிண்டருக்கோ கையெழுத்துப் போடுவோம். அதுக்குள்ளே நுழையிறவங்க ரெக்கார்டைப் படிச்சுட்டு வரமாட்டாங்க. நம்பி வருவாங்க.

கார்பன் ஃபைபர் மேலே எனக்குக் கோபமில்லை. அது தலைவர்தான், இழுத்துப் பார்க்கிற வரைக்கும். கேட்க வேண்டிய கேள்வி ரெண்டு. எந்தப் பக்கமிருந்து விசை வருது? சத்தம் வந்தால் நிறுத்துற அதிகாரம் யாருக்கு இருக்கு? முதல் கேள்விக்கு பதில் புக்கில் இருக்கு. ரெண்டாவதுக்கு பதில் ஒகேனக்கல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. நாங்கதான் அதைத் தாண்டிப் போய் அடுத்த பரிசலில் ஏறினோம்.

இந்த வாரம் உங்க லேப்பில் ஏதாவது ‘டிக்’குன்னா, பஸ் போனால் போகட்டும். ரெக்கார்டில் எழுதிட்டு வாங்க. மார்க் குறைஞ்சால் என்னைத் திட்டி லெட்டர் போடுங்க, வாங்கிக்கிறேன்.

அடுத்த வாரம் வேற டேபிளில் மீட் பண்ணுவோம்!